வாசனை வருது, பூவைக் காணோம்

கொல்லைவாசி எழுதியது:

போன வருஷம் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்தோம். வந்த வாரமே, சாயங்காலமானால் கொல்லையிலிருந்து அன்னாசி வாசனை. “எங்கேயோ பழம் அழுகிக் கிடக்கு, பாரு” என்றார்கள் அத்தை. வாளியோடு போய்த் தேடினேன். பழமரம் என்று ஒன்றுமே இல்லை. கிணற்றடி மூலையில் சுவரோடு சாய்ந்து பின்னிக் கிடந்த ஒரு கொடிப்புதர்தான் இருந்தது. மினுமினுக்கும் இலைகள், கிளையின் இரண்டு பக்கமும் மாறி மாறி. பூ ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள் அகப்பட்டது, அதுவும் இலை என்று நினைத்துக் கையை வைத்தபோது. இலையின் நிறமே பூவுக்கும். ஆறு இதழ், வெளியே மூன்று, உள்ளே மூன்று. தொட்டால் தோல் மாதிரி கனம். இதழ்களின் அடிப்பாகம் குவிந்து நடுவை மூடியிருந்தது, மகரந்தம் வெளியே தெரியவே இல்லை. பச்சைப் பூவை முகர்ந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்திலேயே மஞ்சளாகிப்போன ஒன்று இருந்தது. அன்னாசி அதுதான்!

படம் எடுத்துச் செயலியில் போட்டேன். ‘இலாங் இலாங்’ என்றது. அது மரமாச்சே, இது கொடியாக இருக்கிறதே என்று குழம்பி, மறுபடி போய்ப் பூவைத் திருப்பிப் பார்த்தேன். காம்பு நேராக இல்லை. தூண்டில் முள் போல வளைந்த ஒரு கொக்கி, அதிலிருந்து பூ தொங்குகிறது. பழைய கொக்கிகள் கட்டையாக இறுகிப்போய், பக்கத்துக் கிளையை விடாமல் பிடித்திருந்தன.

அப்புறம் எதிர்வீட்டு ஆச்சி வந்து ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்: “மனோரஞ்சிதம்லா! எந்தப் பழத்தை நினைச்சு மோந்தாலும் அந்த வாசனை வரும்.” நான் மாம்பழத்தை நினைத்துப் பார்த்தேன். அன்னாசிதான் வந்தது. பாம்பு வரும், வெட்டிப்போடு என்றும் சொன்னார்கள். அவ்வளவு அடர்ந்த புதரில் எலியும் ஓணானும் இருந்தால் பாம்பு வரத்தான் செய்யும், அதற்குப் பூ என்ன செய்யும்? அடியில் கவாத்து செய்து விட்டிருக்கிறேன்.

சேலத்துச் செடிக்காரன் எழுதியது:

அக்கா, எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர் எதிர். நர்சரியில் மனோரஞ்சிதம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கொடியாச்சே என்று ஆசையாகப் பந்தலுக்கு அடியில் வைத்தேன். அது பந்தலைப் பிளந்துகொண்டு மாடி உயரத்துக்குப் போய்விட்டது. பூவும் வந்தது. இதழ் குட்டையாக, கனமாக இல்லை. விரல் நீளத்துக்கு, நனைந்த ரிப்பன் போலத் துவண்டு தொங்கியது. கொக்கியைத் தேடினேன், கிளைக்குக் கிளை தேடினேன், ஒன்றுகூட இல்லை. உங்கள் செயலி சொன்ன அந்த இலாங் இலாங் என் வீட்டில்தான் நிற்கிறது! திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை, வாசனை அப்படி. பந்தலைத்தான் இடம் மாற்றினேன்.

தாவரவியல் வாத்தியார் எழுதியது:

செயலியை ரொம்பக் குறை சொல்ல முடியாது, அம்மா. இரண்டும் சீத்தாப்பழத்தின் குடும்பம். மூன்று புல்லி இதழ், அல்லி இதழ் மூன்றும் மூன்றுமாக இரண்டு அடுக்கு என்பது அந்தக் குடும்பத்தில் பரவலாகக் காண்கிற அமைப்பு. மேலிருந்து பூவின் முகத்தை மட்டும் படம் எடுத்தால் குழம்பத்தான் செய்யும். பணியில் இருந்தபோது, பூவைக் கையில் கொடுத்தவுடன் மூக்குக்குக் கொண்டுபோகும் பையன்களிடம் ‘முதலில் கவிழ்த்துப் பார்’ என்பேன். காம்பு, புல்லி, இலை எப்படி அமைந்திருக்கிறது, இதெல்லாம் பார்த்த பிறகு முகரலாம்.

இன்னொரு அடையாளம் காய். மனோரஞ்சிதத்தில் ஒரே பூவின் சூலகங்கள் தனித்தனிக் காய்களாகிக் கொத்தாக வரும். சீத்தாவில் அதே சூலகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பழமாகிவிடுகின்றன, மேலே தெரிகிற கண்கள் அவைதான். மனோரஞ்சிதத்தின் பேரினப் பெயர் ஆர்ட்டாபோட்ரிஸ். கிரேக்கத்தில் தொங்குவது, திராட்சைக் கொத்து என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. அதோடு சேர்ந்து வரும் இனப் பெயரான ஹெக்ஸாபெட்டாலஸ் என்றால் ஆறிதழ். நீங்கள் மூன்று நாள் தேடிக் கண்டதெல்லாம் பெயரிலேயே இருக்கிறது.

மூலனூர் மருமகள் எழுதியது:

நான் பூ வருவதற்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டேன். கல்யாணமான புதிதில், வேலியோரம் மண் சரிந்த இடத்தில் கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு ஒன்று வெளியே தெரிந்தது. வேகவைக்கலாம் என்று தோண்டி எடுத்துவந்தேன். மாமியார் கையைத் தட்டிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார். கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநிலப் பூவான செங்காந்தள். விதைக்காக இந்தப் பக்கம் வயலிலேயே போடுகிறார்கள், மருந்துக்குப் போகிறது. ஆனால் செடி முழுக்க விஷம்.

அதன்பிறகு பூவுக்காகக் காத்திருப்பதில்லை. இலை நுனியைப் பார்ப்பேன். நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கம்பியைப் பிடித்திருந்தால் அதுதான். பூத்துவிட்டால் தவறவே விடமாட்டீர்கள்: பூ தலைகீழாகத் தொங்கும், ஆறு இதழும் நெளிநெளியாக மேல்நோக்கி மடங்கியிருக்கும், சூல்தண்டு மட்டும் சட்டென்று பக்கவாட்டில் ஒடிந்தது போல நீட்டிக்கொண்டிருக்கும்.

கொல்லைவாசி எழுதியது:

வாத்தியார் ஐயா, இப்போதுதான் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காய்க்கொத்து இருக்கிறது, ஒரே கொக்கியில் ஒன்பது. வரும்போது முந்தானையை ஒரு கொக்கி பிடித்துக்கொண்டது, அத்தைதான் வந்து எடுத்துவிட்டார்கள்.