மறுமை இல்லையென்றால் அறமும் இல்லையா?

கேள்வி:
எங்கள் குடும்பத்தில் இறைநம்பிக்கை இல்லாதவன் நான் ஒருவன்தான். 'சாமி கண்ணைக் குத்தும்' என்று சொல்லி வளர்க்காவிட்டால், பொய்யும் திருட்டும் தவறென்று என் ஏழு வயது மகளுக்கு எப்படி உறைக்கும் என்று பெரியப்பா கேட்கிறார். நம் இலக்கியத்தில் இதற்கு விடை உண்டா?

மறுமொழி 1:
புறநானூற்றின் 134ஆம் பாடலைப் பாருங்கள். இந்தப் பிறவியில் செய்தது மறுபிறவிக்கு உதவும் என்று கணக்கிட்டுக் கொடுப்பவனை 'அறவிலை வணிகன்' என்கிறார் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். வள்ளல் ஆய் அப்படிப்பட்டவன் அல்லன் என்றும், சான்றோர் சென்ற நெறி என்பதற்காகவே அவன் கொடுத்தான் என்றும் பாடுகிறார். 'மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று' என்ற 222ஆம் குறளும் அதே பக்கம்தான் நிற்கிறது.

மறுமொழி 2:
அந்தக் குறளை அவ்வளவு எளிதாகத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள முடியாது, நண்பரே. அங்கே பரிமேலழகர், ஈந்தவர்க்கு மேலுலகம் எய்துதல் இல்லை என்பார் உளராயினும் என்றுதான் உரை எழுதுகிறார். மேலுலகம் இல்லையென்று வள்ளுவரே கூறியதாக அவர் கொள்ளவில்லை. நூலும் கடவுள் வாழ்த்தில்தான் தொடங்குகிறது. எனினும், பொய் சொல்லாதிருக்க 293ஆம் குறள் காட்டும் காரணம் நரகம் அன்று, 'தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்பதே. ஏழு வயதுக் குழந்தைக்கும் அது புரியும் என்பது என் கருத்து.

மறுமொழி 3:
பெரியப்பாவின் ஐயம் பழையது, அதைச் சட்டமாகவே வைத்திருந்த நாடுகளும் உண்டு. கடவுளை மறுப்பவரின் வாக்குறுதிக்கும் ஆணைக்கும் பிடிமானம் இல்லை என்று 1689இல் வெளிவந்த கடிதமொன்றில் வாதிட்டவர், மதச் சகிப்புக்காகவே அதை எழுதிய ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்! நாத்திகரான சார்லஸ் பிராட்லா 1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்றும், உறுப்பினராகக் கடவுளின் பெயரால் ஆணையிடுவதில் எழுந்த சிக்கலால் தடுக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் தேர்தலில் வென்று, 1886இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முறையாக அமர முடிந்தது. நம் அரசமைப்புச் சட்டமோ, கடவுளின் பெயரால் ஆணையிடுவதையும் உளமார உறுதி கூறுவதையும் சமமாகவே ஏற்கிறது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஆயின் பாடலைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வணிகன் என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்தவர், "அந்தச் சான்றோர் எல்லாரும் சாமி கும்பிட்டவர்கள்தானே, தம்பி?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கு விடை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.