‘நீ’யும் ‘ஜ’வும் மட்டும் உடைந்த கோப்பு

தமிழ்க் கோப்புகளைக் கட்டளை வரியில் கையாண்டபோது கண்டதை எல்லோரும் பகிருங்கள். நான் தொடங்குகிறேன்.

எங்கள் குழுவுக்கு ஒரு சொற்பட்டியல் வந்தது. பெரும்பாலான வரிகள் ஒழுங்கு. நீர், மீன், ராஜா போன்ற சொற்களில் மட்டும் கட்டத்துக்குள் கேள்விக்குறி. எழுத்துருக் கோளாறு என்றுதான் பலரும் சொன்னார்கள். கோப்பின் பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் எடுத்ததும் விஷயம் வெளியே வந்தது. வளைந்த மேற்கோள் குறிகளை நீக்க யாரோ, கொடுத்த எழுத்துகளை மாற்றவும் நீக்கவும் உதவும் டிஆர் கட்டளையை ஓட்டியிருக்கிறார்கள். லினக்ஸில் வரும் குனூ டிஆருக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் அந்தக் குறிகள் ஈ2 80 9சி, ஈ2 80 9டி. ஈகாரக் குறியின் கடைசி பைட் 80, ஜ-வின் கடைசி பைட் 9சி. குறிகளோடு சேர்ந்து அவையும் போயின.

நல்ல வேளையாக, இழந்ததை மீட்க முடிந்தது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஈ0 ஏஎஃப் என்று இரண்டோடு பாதியில் நின்றால் அது ஈகாரக் குறி. ஈ0 ஏஈ என்று நின்றால் ஜ. வேறு தமிழ் எழுத்துக்கு அங்கே இடமே இல்லை. சின்ன பெர்ல் நிரல் போதுமாக இருந்தது. லோக்கேலை, அதாவது மொழி அமைப்பை, மாற்றினாலும் டிஆர் திருந்தாது, வரிகளைத் திருத்தும் செட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதிலும் இரண்டு குறிகளைச் சதுர அடைப்புக்குள் போட்டு, எல்லாவற்றையும் பைட்டாகவே பார்க்கும் சி லோக்கேலில் ஓட்டினால் இதே சேதம்தான்.

பதில்: அருமையாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் ஐயா. எங்கள் சர்வரில் சிக்கல், வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையில். முனையத்தில் சரியாக வரும் அகரவரிசை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே தொடங்கும் கிரான் இரவில் ஓட்டினால் மாறிவிடும். ந-வுக்கு அடுத்தே ன, ர-வுக்கு அடுத்தே ற. லோக்கேலைச் சொல்லும் லாங் மாறி கிரானுக்குப் போய்ச் சேரவில்லை. சி லோக்கேலில் யூனிகோட் எண் வரிசைதான் கிடைக்கும். ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே, லோக்கேலை நிர்ணயிக்கும் எல்சி_ஆல் மாறியை எழுதிவிட்டோம். ஆனால் ‘க்’ என்பது ‘க’வுக்கு முன்னால் வர வேண்டுமென்றால் ஐசியு என்ற யூனிகோட் நிரலகத்தின் தமிழ் வரிசை விதியைத்தான் நம்புகிறேன்.

பதில்: யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியேற்றமான திஸ்கியில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு: குனூ சி நூலகத்தோடு வரும் குறியேற்ற மாற்றி ஐகான்வ் திஸ்கியை அறியும். எழுத்துக்கு முன்னால் பதிந்த கொம்பைக்கூட அதுவே இடம் மாற்றித் தரும். அப்புறம், வேறு கருவிகள் மாற்றித் தந்த கோப்புகளில் ‘கொ’வின் குறி சில இடங்களில் ஒரே குறியீடாகவும் சில இடங்களில் கொம்பு, கால் என இரண்டாகவும் இருந்தது. கண்ணுக்கு ஒன்றுதான், தேடும் கட்டளையான கிரெப்புக்கு வேறு வேறு. ஐசியுவின் யூகான்வ் கருவி மூலம், குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே தேடல் முழுமையானது. டாம் என்ற இன்னொரு பழைய தமிழ்க் குறியேற்றம் ஐகான்வில் இல்லை. அதற்குக் கட்டளை வரியில் யாராவது வழி வைத்திருந்தால் எழுதுங்களேன்.