ஹெச்-4 பிள்ளைகளும் இன்-ஸ்டேட் கட்டணமும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பே ஏரியா அப்பா:
பெண்ணுக்கு 21 முடிந்தது, ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கான ஹெச்-4 போய், மாணவர் விசாவான எஃப்-1 ஆகிவிட்டாள். கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு எப்போதோ அப்ரூவ் ஆகிவிட்டது, வரிசையில் எங்கள் தேதிதான் நகரவில்லை. இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. இதுவரை இன்-ஸ்டேட்டில், அதாவது மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணத்தில், படித்தவளுக்கு இந்த வருடம் வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் தொகையும் சேர்ந்து பில் வந்தது. கூடுதல் மட்டுமே வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல்.

பல்கலைக்கழகக் கவுன்ட்டரில் இருந்த அம்மாள் நல்லவர். மகள் படித்த பள்ளியின் பெயரைப் பார்த்துவிட்டு, தன் பேத்தியும் அங்கேதான் படிக்கிறாள் என்றார். இன்-ஸ்டேட் கட்டணம் தரும் ஏபி 540 சட்டம் இருக்கிறதே, மூன்று வருடம் கலிஃபோர்னியா பள்ளியில் படித்துத் தேறினால் போதுமே என்று கேட்டேன். 2001இல் அந்தச் சட்டம் வந்தபோதே எங்கள் மாதிரி விசாவில் இருப்பவர்களை விலக்கிவிட்டார்களாம். ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கு அது கிடைப்பதில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். என் பெண்ணையும் சேர்த்துக்கொண்டிருக்கக் கூடாதா என்பதுதான் என் ஆற்றாமை.

நான் வாதாடிக்கொண்டிருக்கும்போது மகள் குறுக்கிட்டு, "ஒரு பாடத்தை விட்டுட்டா எவ்வளவு குறையும்?" என்று அந்த அம்மாளிடம் கேட்டாள். அமைதியாகக் கேட்டாள். எந்தப் பாடம் என்று முன்னாலேயே முடிவு செய்து வைத்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

டாலஸ் எம்.எஸ்.:
சார், படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. என்னுடையது வேறு மாதிரி. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் போட்டி அடிப்படையில் 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் இன்-ஸ்டேட் கட்டணம் கொடுக்கலாம் என்று விதி உண்டு. எம்.எஸ். வருகிறவர்கள் எல்லோரும் அதற்காகத்தான் காத்திருப்போம். எனக்கு வந்தது. என் ரூம்மேட் என்னைவிட நல்ல மார்க், அவனுக்கு வரவில்லை. மெயிலைக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டிப்பிடித்து வாழ்த்தினான். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவன் நள்ளிரவுக்கு மேல்தான் வந்தான். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவன் கட்டியது எனக்கு ஆனதைப் போல இரண்டு மடங்கு.

மேரிலாந்து வாசி:
தம்பி, நீங்கள் சொல்வது கட்டணச் சலுகை. ரெசிடென்சி, அதாவது மாநிலவாசி என்ற தகுதி, வேறு. இரண்டையும் குழப்பினால் புதிதாகப் படிக்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். எம்.எஸ். வருகிறவர் கட்டணம் தெரிந்து வருகிறார். ஹெச்-4 குழந்தையைப் பெற்றோர் கூட்டிவந்தோம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்குச் சம்மதமில்லை.

எஃப்-1 விசாவின் சட்ட வரையறையே, சொந்த நாட்டில் வீடு உண்டு, அதைக் கைவிடும் எண்ணம் இல்லை என்பதுதான். அதனால்தான் எஃப்-1இல் இருப்பவர் இந்த மாநிலமே என் ஊர் என்றால் பெரும்பாலான இடங்களில் எடுபடாது. ஹெச்-1பி, ஹெச்-4க்கு அந்த நிபந்தனை இல்லை. எங்கள் மேரிலாந்தில் உலக வங்கி மாதிரி அமைப்புகளின் ஊழியர்கள் ஜி-4 விசாவில் இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு இன்-ஸ்டேட் மறுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பானது. டோல் எதிர் மொரேனோ. என் பெரியவனின் இன்-ஸ்டேட் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியபோது ஹெச்-4க்கும் அதே நியாயம்தானே என்று விளக்கி எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த முதல் கடிதத்தில் அவன் பெயருக்குக் கீழே 'அயலார்' என்று இருந்தது. அவன் இரண்டு வயதில் இங்கே வந்தவன்.

ஹூஸ்டன் அம்மா:
டெக்சாஸில் பள்ளிப் படிப்பை முடித்து, அதற்கு முந்தைய 36 மாதம் இங்கே இருந்து, கல்லூரி சேரும் முன் 12 மாதமும் இருந்தால் போதும். இங்கே அந்த வழியில் விசா குறுக்கே வராது. என் மகனும் எஃப்-1தான், பில் மாறவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. இதுவும் 2001 சட்டம்தான், நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது டெக்சாஸ். 2025 ஜூனில் மத்திய அரசு வழக்குப் போட்டது, மாநிலம் எதிர்க்கவே இல்லை, அன்றைக்கே நீதிமன்ற ஆணை வந்துவிட்டது. சட்டப்படி தங்கியிருக்காதவர்களுக்கு இனி இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 'இது நம்ம பிள்ளைகளைப் பாதிக்காது, கவலை வேண்டாம்' என்று செய்தி மேல் செய்தி. அன்று ராத்திரி மகனின் சிநேகிதன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். இன்னொரு தோசை போடட்டுமா என்று கேட்டேன். "போதும் ஆன்ட்டி, இனிமே செலவைக் குறைக்கணும்" என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஜெர்சியிலிருந்து தெற்கே:
மகள் பன்னிரண்டாவது படிக்கும்போது மாநிலம் மாறினோம். கம்பெனி மாற்றல் உத்தரவை இழுத்தடித்ததில், இன்-ஸ்டேட்டுக்கு வேண்டிய 12 மாதத்துக்குக் கொஞ்சம் குறைந்தது. மேல்முறையீட்டில் மனைவியிடம், "உங்கள் கணவருக்கு இங்கே வேலை கிடைத்திருக்காவிட்டாலும் வந்திருப்பீர்களா?" என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

எல்லோருக்கும் சொல்கிறேன். பதினொன்றாவதுக்குப் பிறகு மாநிலம் மாறாதீர்கள். மாறியே ஆகவேண்டும் என்றால் முதல் வாரமே டிரைவிங் லைசென்ஸ், வண்டிப் பதிவு இரண்டையும் மாற்றுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். அந்த வருட வரியைப் புது மாநிலத்தில் பகுதி வருடக் குடியிருப்பாளராகத் தாக்கல் செய்யுங்கள். பழைய ஊரில் வீடு இருந்தால் வாடகைக்கு விட்ட பத்திரத்தை எடுத்து வையுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் 12 மாதம், கலிஃபோர்னியாவில் 366 நாள். வகுப்பு தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்களா, வேறு தேதியா என்று அந்தந்த ஊரில் கேளுங்கள். படிப்புக்காகவே வந்தோம் என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். பிள்ளை மட்டும் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தால் பெரும்பாலும் செல்லாது, பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள். மேற்கு மாநிலங்களில் இருந்தால் வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச் என்ற கட்டணச் சலுகைத் திட்டத்தைப் பாருங்கள், அதில் இன்-ஸ்டேட்டைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்க மாட்டார்கள்.

மேரிலாந்து வாசி:
இத்தனை ஆலோசனையில் பே ஏரியா நண்பருக்கு ஒன்றுகூட உதவாதே. அவர் ஊர் மாறவே இல்லை, விசா மாறியதுதான் பிரச்சினை.

பே ஏரியா அப்பா:
இல்லை, எனக்கு உதவுகிறது. சின்னவன் எட்டாவது படிக்கிறான். 36 மாதத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஹூஸ்டன் அம்மா, உங்கள் பக்கம் எந்தப் பகுதியில் பள்ளிகள் நன்றாக இருக்கும்? ஆஸ்டினில் ஒரு வேலைக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்.