சுரைக்குடுக்கையைப் பார்க்க வந்தவர்கள்

"சமைக்கிற காயை ஏனப்பா இப்படி வீணாக்குகிறாய்?" மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு முன்கூரையில் தொங்கும் சுரைக்காய்களைப் பார்த்து இப்படிக் கேட்காதவர்கள் குறைவு. முற்றிய சுரை கறிக்கு ஆகாது என்பது அவர்களுக்கும் தெரியும். பேச்சைத் தொடங்க அது ஒரு சாக்கு. காய்ந்த குடுக்கையின் மேல் மின்சாரச் சூட்டுக்கோலால் படம் வரைவது என் பொழுதுபோக்கு. அதனால் வாசலுக்கு வந்த சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் வேலை விவரம். காம்பு பழுப்பேறிக் காய்ந்த பிறகே காயை அறுக்க வேண்டும். மழை படாத, காற்றோடும் இடத்தில் மாதக்கணக்கில் தொங்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் தோல் முழுவதும் பூசணம் பூக்கும். அதைக் கண்டு தூக்கி எறிபவர்கள்தான் அதிகம். காய் குழையாமல் கெட்டியாக இருந்தால் பூசணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆட்டும்போது விதை கலகலத்தால், வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துச் சுரண்டலாம். உள்ளிருந்து வெளிர்பழுப்பு ஓடு வெளிப்படும். சுரண்டும் தூசியும் சுடும் புகையும் நெஞ்சுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். உருளும் குடுக்கையை நிறுத்த என்னென்னவோ தாங்கிகளைச் சொல்கிறார்கள். பழைய துண்டைச் சுருட்டிய சும்மாடு போதும்.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிலேயே வயதைக் கழித்த பெரியம்மா ஒருவர் ஒருநாள் வந்தார். ரப்பர் மரப் படம் சுட்டிருந்த குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு, வெட்டுக்கோட்டின் மேல் விரலை ஓட்டினார். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்கிறதா என்று சோதிக்கிறார்! பால் பிடிக்கும் மங்கு, பால் வழியும் பீலி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, இருட்டு எங்கே?" என்றார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு, அதாவது வெட்டவேண்டிய மரவரிசைக்கு, போனவர் அவர். பகலில் நிற்கும் மரம் அவருக்கு வேலை முடிந்த மரம்.

அவருக்காகவே இன்னொரு குடுக்கையை எடுத்தேன். இந்தக் கலையில் வெள்ளை கிடையாது. சுட்டதை வெளுக்க வைக்கவும் முடியாது. எனவே விளக்கொளி விழும் இடத்தைச் சுடாமல் விட்டு, மற்றதையெல்லாம் அகல முனையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் ஓடு குழிந்துவிடும். மரப்பலகையைப் போல ஓட்டில் ரேகை குறுக்கிடாது என்பது மட்டுமே ஆறுதல். ஒருவழியாக மரப்பட்டையும் அவருடைய கையும் மட்டும் வெளிச்சத்தில் நின்றன. வாங்கிப் பார்த்தவர், "கொசுவையும் போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார். காசு கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சீன மருந்துக்கடைக்காரர் வேறு ரகம். இடுப்பு ஒடுங்கிய குடுக்கைதான் வேண்டும், அதில் ஒரு கோடுகூடச் சுடக்கூடாது என்றார். பழைய சீன வைத்தியர்கள் மருந்து வைத்திருந்த கலம் அது. வாசலில் தொங்கினால் நல்லதாம். மூன்று மாதம் காயவைத்தவனுக்குப் படம் போடவும் உரிமை இல்லை!

நான் மறக்காதவர் கோலகங்சார் பக்கம் சாயோங்கிலிருந்து வந்த மலாய்க்கார அக்கா. அங்கே செய்யும் லாபு சாயோங் மண்கூஜாவுக்கு வடிவம் தந்ததே சுரைக்காய்தான். சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு உமியில் புதைத்துக் கருமையாக்குகிறார்கள். "நீங்கள் கோடு கோடாகக் கருக்குகிறீர்கள், நாங்கள் முழுதாகக் கருக்குகிறோம்" என்று சிரித்தார். பண்டமாற்றாக ஒரு கூஜா கொடுத்தார். பெயின்ட் அடித்த கடைச்சரக்கு இல்லை, தண்ணீர் உண்மையிலேயே குளிர்கிறது.

பெரியம்மாவின் குடுக்கையில் அறுத்தெடுத்த விதை இன்னும் ஒரு பிடி இருக்கிறது. கொடி ஏற்றப் பந்தல் வைத்திருப்பவர்கள் கேளுங்கள், தருகிறேன். பூசணத்தைக் கண்டு பயப்படுபவர்களுக்குக் கிடையாது.