ஐயனாரோடு அம்மா போட்ட சண்டை

எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது வீட்டில் 6 பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். ஓடு பறக்கும் சத்தத்தைவிட மரம் சாயும் சத்தம்தான் வயிற்றைக் கலக்கியது. அப்பா இருட்டில் எண்ணிக்கொண்டே இருந்தார். முப்பதுக்கு மேல் நிறுத்திவிட்டார்.

விடிந்து பார்த்தால், 110 தென்னையில் நின்றவை 19. அவற்றிலும் பாதிக்குக் குருத்து முறுக்கிக் கிடந்தது. “கடவுள் சோதிக்கிறார்” என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள்மேல் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தணியவில்லை. தாத்தா வைத்த மரங்களைப் பிடுங்கிப்போட்டு என்ன சோதனை வேண்டிக்கிடக்கிறது? கரண்டு இல்லை, போர் ஓடவில்லை. விழுந்த மரத்து இளநீரைத்தான் குடித்தோம்.

மூன்றாம் நாள் அம்மா ஐயனார் கோயிலுக்குக் கிளம்பினார். வழியெல்லாம் மரம், ஏறி இறங்கிப் போனோம். கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன். போய் நின்றதும் திட்டத் தொடங்கினார்.

“காவல் காக்கத்தானே உன்னை எல்லையில் வைத்தோம்? தூங்கிவிட்டாயா?”

தொண்டை கட்டும்வரை திட்டினார். பிறகுதான் மண்குதிரையைக் கவனித்தார். முன்னங்கால் ஒன்று ஒடிந்து கிடந்தது. குரல் இறங்கிவிட்டது. “உனக்கும் அடிதானா” என்று முந்தானையால் அதன் முகத்துச் சேற்றைத் துடைத்தார். எண்ணெய் ஊற்றி விளக்கேற்றினார். இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை நின்றது. அன்றிரவுதான் அம்மா சோறு சாப்பிட்டார்.

அப்பா கோயில் பக்கமே போகாதவர். அவருக்குச் சண்டை போட ஆள் இல்லை. பல மாதம் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பக்தி என்றால் பணிந்து கிடப்பது என்று நினைத்திருந்த எனக்கு, இந்த வித்தியாசம்தான் உறைத்தது.

நிவாரணமாக மரத்துக்கு 1,100 ரூபாய் வந்தது. இழப்புக்கு 600, வெட்டி அகற்ற 500. அதிலும் அம்மா, புயலுக்கு முன்பே நேர்ந்திருந்த பொங்கலுக்கென்று ஒரு பங்கை எடுத்துவைத்தார். அண்ணன் குதித்தான். “வாக்குக் கொடுத்தது நான். அவன் தவறினால் நானும் தவற வேண்டுமா?” என்று வாயை அடைத்துவிட்டார்.

மறுவருடம் 60 கன்று வைத்தோம். போன வருடம் சிலவற்றில் பாளை விட்டது. முதல் குலையை ஐயனார்முன் வைத்துவிட்டு அம்மா சொன்னார்:

“இன்னும் 31 மரம் பாக்கி. ஞாபகம் இருக்கட்டும்.”