இன்டர்சிட்டி 125: புது ரயில் வந்தும் பழசை ஏன் தேடுகிறார்கள்?

ரீடிங்_பாலா:
வேலை மாறி இங்கிலாந்தின் ரீடிங்குக்கு வந்தபோதே லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து மேற்கே போகும் வழித்தடத்தில் ஹிட்டாச்சி நிறுவனத்தின் புது ரயில்கள் வந்துவிட்டன. எச்எஸ்டி (ஹை ஸ்பீட் டிரெயின்) என்று எல்லோரும் உருகும் இன்டர்சிட்டி 125-இல் நான் ஏறியதே இல்லை. ஆபீசில் ஐம்பது தாண்டியவர்களிடம் ரயில் பேச்சை எடுத்தால் போதும், "அது மாதிரி வருமா" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அது 1976-இல் ஓடத் தொடங்கிய டீசல் வண்டி, மணிக்கு 125 மைல், அதாவது 201 கிலோமீட்டர். புது ரயில் ஓடுவதும் அதே வேகத்தில்தான், ஆனால் மின்சாரத்தில் சட்டென்று வேகம் பிடிக்கிறது, கதவு பொத்தானில் திறக்கிறது, போன் சார்ஜ் செய்ய பிளக் இருக்கிறது. அப்புறம் ஏன் இந்த மோகம்? நிஜமாகவே பயணம் நன்றாக இருந்ததா, இல்லை எல்லாம் இளவயது நினைவா? ஏறிப் போனவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளப்பித்தன்:
நினைவும் உண்டு, ஆனால் அது மட்டும் என்று தள்ளிவிட முடியாது. எச்எஸ்டியில் இரண்டு கோடியிலும் ஆளுக்கொரு எஞ்சின், ஒவ்வொன்றும் 2,250 குதிரைத்திறன், நடுவில் மார்க் 3 என்ற ரகத்தில் ஏழோ எட்டோ பெட்டிகள். நீங்கள் உட்காரும் பெட்டிக்கு அடியில் எஞ்சினே கிடையாது, காற்று சஸ்பென்ஷன் வேறு, அதனால் 200 கிலோமீட்டர் வேகத்திலும் உள்ளே குரலை உயர்த்தாமல் பேசலாம். ஹிட்டாச்சி வண்டி மின்கம்பி இருக்கும்வரை அருமையாகப் போகும், கம்பி முடிந்ததும் பல பெட்டிகளின் தரைக்கடியில் இருக்கும் டீசல் எஞ்சின்கள் கிளம்பிவிடும், அந்த உறுமலும் அதிர்வும் காலுக்கு நேர் கீழே. இதில் ரயிலை மட்டும் திட்டிப் பயனில்லை. பாத், பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் பக்கம் மின்மயமாக்கலை 2016-இல் ஒத்திப்போட்டதும், கார்டிஃபிலிருந்து ஸ்வான்சீ வரையிலானதை 2017-இல் ரத்து செய்ததும் அரசு. மின்சாரத்தில் ஓட வேண்டிய தூரத்தை டீசலில் ஓட்டச் சொன்னால் அது என்ன செய்யும்?

இன்னொன்று, எச்எஸ்டி முதலில் உப்புக்குச் சப்பாணியாக வந்த வண்டி. அன்றைய அரசு ரயில் நிறுவனமான பிரிட்டிஷ் ரயில் நம்பியிருந்தது ஏபிடி என்ற, வளைவில் சாய்ந்து ஓடும் ரயிலை. அது 1981 டிசம்பரில் பயணிகளோடு ஓடியபோது சாயும் அமைப்பும் பிரேக்கும் காலை வாரின, சிலருக்குக் குமட்டல் வேறு. கொஞ்ச வருடத்தில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. இடைக்கால ஏற்பாடாக வந்தது நாற்பது வருடத்துக்கு மேல் ஓடியது. அதன் முன்னோடி வண்டி 1973 ஜூனிலேயே 230 கிலோமீட்டர் தொட்டு டீசல் சாதனை படைத்தது, 1987-இல் எச்எஸ்டி அதையும் தாண்டி 238 தொட்டது. எச்எஸ்டி முகப்பின் அந்த ஆப்பு வடிவ மூக்கை வரைந்தவர் வடிவமைப்பாளர் கென்னத் கிரேஞ்ச். இன்றைக்கும் அது பழசாகத் தெரிகிறதா, படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கோமதி_கார்டிஃப்:
மேலே இருப்பவர் ரயில் பிரியர், நான் வெறும் பயணி. எச்எஸ்டியில் இறங்க வேண்டுமென்றால் கதவு ஜன்னலைக் கீழே இறக்கி, கையை வெளியே நீட்டி, வெளிப்பக்கக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். மழையில், ஒரு கையில் குழந்தையோடு செய்து பாருங்கள், மோகம் தெளியும். கழிவறைக் குழாய் பல வருடம் நேராகத் தண்டவாளத்தில்தான் திறந்தது. பேடிங்டன் கூரைக்கடியில் புகை நிற்கும். 2018 டிசம்பரில் பாத் பக்கம் ட்வெர்ட்டனில் இந்த ஜன்னல் வழியே தலையை நீட்டிய ஒரு பயணி கிளையில் அடிபட்டு இறந்தார்.

2020 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் கார்மன்ட்டில் எச்எஸ்டி தடம்புரண்டு மூன்று பேர் போனார்கள். மழையில் சரிந்து பாதையில் கிடந்த மண்ணும் கல்லும்தான் காரணம், ஆனால் இன்றைய மோதல் பாதுகாப்புத் தரத்தில் கட்டிய ரயிலாக இருந்திருந்தால் சேதம் குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. எஞ்சின் சத்தத்தை ரசிக்கிறவர்கள் அதையும் படிக்கட்டும்.

பழைய_சீசன்_டிக்கெட்:
கோமதி சொன்னதில் ஒன்றையும் மறுக்க மாட்டேன். ஆனால் பாலா, உங்கள் ஆபீஸ்காரர்கள் எந்த எச்எஸ்டியைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். நிலையத்தில் ஊளையிட்டுக் கிளம்பும் பேக்ஸ்மன் வேலன்டா எஞ்சின்களை 2005-க்குப் பிறகு கழற்றி, பெரும்பாலான வண்டிகளில் எம்டியு எஞ்சின் போட்டுவிட்டார்கள். மேற்கு வழித்தடத்தில் அதையொட்டிய வருடங்களில் உள்ளேயும் மாற்றி, முதுகு உயர்ந்த இருக்கைகளை நெருக்கி அடைத்தார்கள், மேசை குறைந்தது, பாதி இருக்கைக்கு ஜன்னலுக்குப் பதில் சுவர்தான் வாய்த்தது. 2019 மே மாதம் பேடிங்டனில் விடைபெற்றது அந்த வண்டிதான், அதை வழியனுப்பியபோது பலர் மனதில் இருந்தது வேறு வண்டி!

புது ரயிலுக்குப் பேர் கெட்டதும் ஓரளவு அதன் ராசி. 2017 அக்டோபர் 16, முதல் நாள் முதல் வண்டி தாமதம், ஏசியிலிருந்து பயணிகள் மேல் தண்ணீர் கொட்டியது. 2021 மே மாதம் அடிப்பகுதியில் விரிசல் கண்டு ஏராளமான ரயில்களை நிறுத்தினார்கள். இருக்கைக்கு இஸ்திரிப் பலகை என்று பேர் வைத்தாயிற்று. என் குறை அதெல்லாம் இல்லை, பஃபே பெட்டியை எடுத்ததுதான். எழுந்து நடந்து போய் ஒரு டீயை வாங்கி, முன்பின் தெரியாதவரோடு நின்று பேசிவிட்டு வரலாம். இப்போது தள்ளுவண்டி வரும், கூட்டம் என்றால் அதுவும் வராது.

சிட்னி_சிவா:
இங்கே அதே குடும்பத்து வண்டி நியூ சவுத் வேல்ஸில் 1982-லிருந்து எக்ஸ்பிடி என்ற பேரில் ஓடுகிறது. மெல்பர்ன் போக சுமார் பதினோரு மணி நேரம், உச்ச வேகம் 160. மாற்று ரயிலுக்கு 2019-இல் ஸ்பெயின் நிறுவனத்திடம் ஆர்டர் கொடுத்தார்கள், சொன்ன தேதி எப்போதோ தாண்டிவிட்டது. பழசு நல்லது என்று பேசுவதற்கு முன் மாற்று வந்து சேர வேண்டுமே!

ரீடிங்_பாலா:
எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு எங்கே போய்ப் பார்ப்பது?

தண்டவாளப்பித்தன்:
மூக்கைப் பார்க்க யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் போங்கள். 43002 என்ற எண்ணுள்ள எச்எஸ்டி எஞ்சின் அங்கே பழைய நீலம், மஞ்சள் பெயின்ட்டில் இருக்கிறது, கிரேஞ்ச் பேரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏறிப் போக ஆசையென்றால் ஸ்காட்லாந்தில் பெட்டி குறைத்து, தானியங்கிக் கதவு மாட்டி ஓட்டிய வண்டிகள் உண்டு. அவற்றையும் மாற்றப் போகிறார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏறினால் எஞ்சினை ஒட்டிய பெட்டி வேண்டாம், நடுப்பெட்டியில் உட்காருங்கள்.