வேண்டாம்னு விட்ட மட்டக்குதிரைக்கு வேற வீடு தேடிக் குடுத்தவங்க இருக்கீங்களா? அனுபவத்தச் சொல்லுங்க

வேலந்தாவளத்துக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன், மனசுல கெடந்து உறுத்துது. எங்க ஊரு கேரளா பார்டர், இங்க ரேக்ளா வண்டிப் பந்தயம் எப்படின்னு யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. பந்தயத்துக்குன்னு வாங்குன ஒரு மட்டக்குதிரைக்கு முன்னங்கால் நரம்பு வீங்கிப் போச்சு, ஓனர் அவுத்து விட்டுட்டாரு. தோப்பு ஓரத்துலயே நிக்கும், தேங்கா மட்டையக் கடிச்சிட்டு. நாங்க பசங்க சேந்து நல்லேப்பிள்ளி பக்கம் ஒரு தோப்புக்காரர்கிட்ட பேசி, சும்மா மேய விட்டா போதும் வண்டில மட்டும் பூட்டாதீங்கன்னு சொல்லி ஒத்துக்க வெச்சோம். டெம்போல ஏத்தியாச்சு. அந்த நேரம் பாத்து ரோட்டுல ஒரு வண்டி ப்ராக்டிஸ் ஓட்டிட்டு வருது, பின்னாடியே பைக்ல ரெண்டு பேரு ஹாரன அமுக்கிப் புடிச்சுட்டு கத்திட்டே வர்றானுங்க. இது காத வெறச்சிட்டு, அந்த நொண்டிக்கால வெச்சுட்டு டெம்போக்குள்ள நின்ன எடத்துலயே ஓடுதுங்க. பலகை தடதடன்னு அடிக்குது, வாய்ல நுரை. வண்டி தாண்டிப் போயி ரொம்ப நேரம் கழிச்சும் தொடை நடுங்கிட்டே இருந்துச்சு. இப்ப நல்லாத்தான் இருக்கு, ஒடம்பு புடிச்சிருச்சு. ஆனா ஹாரன் சத்தம் கேட்டா எனக்கு அதுதான் ஞாபகம் வருது.

போடிப் பொண்ணு:
அண்ணா படிச்சதும் அழுதுட்டேன். எங்க சித்தப்பா குரங்கணிலருந்து மேல மலைக்கு குதிரைல ரேஷன் ஏத்திட்டுப் போயி எறங்கையில காப்பி, இலவம்பஞ்சு மூட்டை எறக்குவாரு. அவரு தவறுனப்புறம் குதிரைய வெச்சுப் பாக்க வீட்ல ஆள் இல்ல. விக்கணும்னு சொன்னதும் ஒருத்தர் வந்தாரு. முதுகுல பழைய புண்ணு ஆறுன எடத்துல எல்லாம் வெள்ளை முடி மொளச்சிருக்கும்ல, அதுமேல கைய வெச்சு ஒரு அமுக்கு அமுக்குனாரு, வாயத் தெறந்து பல்லப் பாத்தாரு, "இன்னும் ரெண்டு வருசம் சொமக்கும்" அப்படின்னாரு. அவ்வளவுதான், சித்தி எந்திரிச்சு கயித்த வாங்கிட்டு உள்ள போயிட்டாங்க. அப்புறம் வண்டிப்பெரியாறு பக்கம் மாமா வீட்டு ஏலத்தோட்டத்துக்கு அனுப்பி வெச்சோம், காசு வாங்கல.

அந்தியூர் சந்தைக்குப் போனவன்:
தங்கச்சி, கோவிச்சுக்காத, சும்மா குடுக்குறது தப்பு. சும்மா வந்தத சும்மாவே கைமாத்தி விட்டுருவாங்க. ஒரு தொகை வாங்கு, அதுல கொள்ளு வாங்கிக் குடுத்துரு, ஆனா வாங்கு. ஏலத்தோட்டம் வேற எப்பவும் ஈரம், குளம்பு அழுகிரும், மாமாகிட்ட காஞ்ச மேடா ஒரு எடம் ஒதுக்கச் சொல்லு. என் கதை இதான். ஆடியில குருநாதசாமி கோயில் தேருக்குக் கூடுற சந்தைல ஒரு பெட்டைக் குதிரை, சாந்தமோ சாந்தம், சின்னப் புள்ளைங்க வயித்துக்கடியில பூந்து போகுது. வர்றவன் எல்லாம் நெத்தியத் தடவிப் பாத்துட்டு சுழி சரியில்லன்னு போயிட்டே இருக்கான். கடைசி நாள் வித்தவரு என் கைல கயித்தக் குடுத்து "நீயாச்சும் புடிச்சுட்டுப் போப்பா"ன்னாரு. கூட்டிட்டு வந்தேன், எங்க அம்மா மொதல்ல வாசல்ல நொழைய விடல. இப்ப கோதுமைத் தவிடு அவங்கதான் பெசையிறாங்க. சுழியப் பாத்து ஒரு உயிரத் தள்றத எங்க கண்டாலும் நான் சண்டை போடுவேன்.

கொழிஞ்சாம்பாறை சார்:
நான் குடுத்தது ஒண்ணுதான், கல்யாண ஊர்வலத்துக்கு விட்ட குதிரை, 2020 ஊரடங்குல தீனிக்கு வழியில்லாம நின்னுச்சு, சித்தூர்ல ஒரு குடும்பம் எடுத்துக்கிச்சு. புது எடம்னு அன்னைக்கு ராத்திரி பூராவும் கனைச்சிட்டே இருந்துச்சாம். அது இருக்கட்டும், இங்க எழுதுற யாருமே முக்கியமானதச் சொல்லலையேங்க. கைமாத்துறதுக்கு முன்னாடி டாக்டரக் கூப்புட்டு கிளாண்டர்ஸுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்க, மனுசனுக்கும் ஒட்டுற நோய் அது, ஹரியானா ஹிசார்ல இருக்குற தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் வரைக்கும் சாம்பிள் போகும், இருக்குன்னு உறுதியாச்சுன்னா 2009 கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அத உயிரோட வெச்சிருக்க முடியாது, அதனால மத்த குதிரையோட சேக்குறதுக்கு முன்னாடியே பாத்துருங்க. பார்டர் தாண்டுறதுன்னா டாக்டர் குடுக்குற ஆரோக்கியச் சான்றிதழ் கைல இருக்கணும், வாளையாறு செக்போஸ்ட்ல நின்னுட்டு போன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி கட்டாயம், துருப்பிடிச்ச ஒரு ஆணி போதும் குதிரைக்கு. எளச்சுப் போனதக் கொண்டு வந்து பாவம்னு ஒரே நாள்ல கொள்ளும் தவிடும் கொட்டாதீங்க, அதால வாந்தி எடுக்க முடியாது, வயித்துவலி வந்து உருண்டு உருண்டே போயிரும், மொதல்ல புல்லு, அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா தானியம். ஆணா இருந்தா காயடிச்சுட்டுக் குடுங்க. சுமைக்குன்னு கேக்குறவங்ககிட்ட 1965 சுமை விலங்கு வதைத் தடுப்பு விதிப்படி மட்டக்குதிரைக்கு 70 கிலோவுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு எழுதி வாங்குங்க. தனியா ஒத்தைல கட்டாதீங்க, ஒரு ஆடாவது கூட நிக்கணும். அவுத்து விட்டுப் போற ஓனருங்க மேல கேஸ் குடுக்கலாமான்னா குடுக்கலாம், ஆனா 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல மொதல் தடவைக்கு அபராதம் 10 ரூவால இருந்து 50 ரூவா வரைக்கும்தான். ஒரு கட்டு புல்லு வெல கூட இல்ல. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

கூடலூர் அக்கா:
சார் சொல்றது பூராவும் சரி, நான் மறுக்கல. ஆனா எங்க பக்கம் மழைல ரோட்டோரம் நிக்கிறத நாங்க எப்ப டெஸ்ட் பண்ணி எப்ப கூட்டிட்டுப் போறது? ஊட்டில சவாரிக்கு ஓட்டி வயசானா அவுத்து விட்டுருவாங்க, அதுங்க மார்க்கெட் குப்பைல காய்கறித் தோலப் பிளாஸ்டிக் பையோட சேத்துத் தின்னும். நாங்க ஒண்ணு எடுத்தோம். குளம்பு வளந்து செருப்பு நுனி மாதிரி மேல சுருண்டு கெடந்துச்சு, நடக்கவே இல்ல, தேச்சு தேச்சு இழுத்துட்டு வந்துச்சு. லாடக்காரர் உக்காந்து சீவச் சீவ வீச்சம் தாங்கல, கடைசிக் கால முடிச்சதும் ஒரு தடவ தரைய ஒதச்சுப் பாத்துச்சு, இன்னொரு தடவ ஒதச்சுச்சு, அப்புறம் நேரா தண்ணித் தொட்டிக்கு நடந்து போச்சு. மொதல்ல எடுங்க சார், கொஞ்ச நாள் தனியாக் கட்டி வெச்சு அப்புறம் டெஸ்ட் பண்ணலாம்.

கொழிஞ்சாம்பாறை சார்:
தனியாக் கட்டுறதா இருந்தா சரிம்மா. தொட்டியும் தனியா இருக்கணும், ஒரே வாளியப் பொழங்காதீங்க.

வேலந்தாவளத்துக்காரன்:
அக்கா அந்த லாடக்காரர் இந்தப் பக்கம் வருவாராங்க? எங்க ஏரியால மாட்டுக்கு அடிக்கிறவங்கதான் இருக்காங்க, குதிரைக் கால்னா தொட மாட்டேங்குறாங்க. ஒழலப்பதில ஒரு பெட்டை நிக்குது, சினையாட்டத் தெரியுது, பின்னங்குளம்பு ரெண்டும் வெடிச்சிருக்கு. வண்டிச் செலவு நாங்க பாத்துக்குறோம், இந்த வாரமே வந்தாருன்னா நல்லாருக்கும்.